எலிக்கூட்டில் தொடங்கும் மருந்து

விஷப்பாம்புகளை வளர்க்கும் ஓர் அறையில் வேலை செய்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் விசாரிப்பது கடியைப் பற்றித்தான். எலியைப் பற்றி ஒருவரும் விசாரிப்பதில்லை. எங்கள் நாளில் பெரும்பகுதி எலிக்கூட்டில்தான் போனது. வளர்ந்த பாம்பு ஒன்றுக்கு வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒரு எலி போதும். ஆனால் தெருவில் பிடித்த எலியைக் கொடுத்தால், அதன் வயிற்றுப் புழுவும் அது தின்ற எலிப்பாஷாணமும் சேர்ந்தே பாம்புக்குள் போகும். ஆகவே எலியை நாங்களே பெருக்க வேண்டும். மரத்தூள் படுக்கை, தீன், கவிழ்த்துக் கட்டிய தண்ணீர்ப் போத்தல், சோடி சேர்த்த திகதி, குட்டி போட்ட திகதி என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. எலிக்கூட்டில் கணக்குப் பிசகினால் சில வாரங்களில் பாம்பு மெலியும். பாம்பு மெலிந்தால் விஷம் குறையும். பாம்பின் விஷத்தைக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்துதான் விஷமுறியைச் செய்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஏற்றும் அந்த மருந்துக் குப்பியிலிருந்து பின்னோக்கி நடந்து போனால், குதிரைக் கொட்டிலையும் பாம்புப் பெட்டியையும் தாண்டி, கடைசியில் எலிக்கூட்டுக்குத்தான் வந்து சேர்வோம்.

அந்த வேலைக்கு நான் போன வழி நுகேகொடை வழியாகத்தான். வெள்ளவத்தையில் அறை வாடகை கட்டுப்படியாகாமல், ஒரு கூட்டாளி சொல்லி நுகேகொடையில் அனெக்ஸ் ஒன்றுக்கு வந்தேன். நாவல வீதியிலிருந்து சதுப்பை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றின் கடைசி வீடு அது. வீட்டுக்காரர் சிங்களவர். மிருகங்களோடும் ஊர்வனவற்றோடும் சம்பளத்துக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அவரை அங்கிள் என்றேன், அவர் என்னை மல்லி என்றார். ஓய்வுக்குப் பிறகும் கொழும்பில் ஓர் ஆய்வுகூடம் அவரைப் பாம்புகளைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டிருந்தது. உதவிக்கு ஆள் தேவைப்பட்டபோது, "இந்தப் பெடியன் அவசரப்படாதவன்" என்று சொல்லி என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். விலங்கியல் படித்திருந்தேன் என்பது என் சான்றிதழில் இருந்தது. அவர் பார்த்த தகுதி வேறு.

நுகேகொடையை இன்று பார்ப்பவர்களுக்குச் சந்தியும் மேம்பாலமும் உடுப்புக் கடைகளும்தான் தெரியும். களனிவெளி ரெயில் பாதைக்கு இரண்டு பக்கமும், நாவல, கோட்டே பக்கமாக, அன்றைக்கு நீரும் புல்லும் நிறைய இருந்தன. அவற்றை மண் போட்டு நிரப்பி வீடு எழுப்பும் காலம் அது. மண் விழ விழப் பாம்புகள் மேட்டுக்கு ஏறின. மழைக்காலத்தில் அனெக்ஸின் தொலைபேசிக்கு வரும் அழைப்புகளில் பாதி அங்கிளுக்குத்தான். கிணற்றுக் கட்டில் பாம்பு, மோட்டார் அறையில் பாம்பு, கார் கொட்டிலில் பாம்பு. பெரும்பாலும் அது சாரையாகவோ தண்ணீர்ப் பாம்பாகவோ இருக்கும். நாகமாக இருந்தால் அவர் கொழுக்கியையும் தலையணை உறையையும் எடுத்துக்கொண்டு புறப்படுவார்.

நாகத்தை அந்தச் சுற்றுவட்டாரத்தில் அநேகமாக ஒருவரும் அடிக்கமாட்டார்கள். தியானத்தில் இருந்த புத்தருக்கு முசலிந்த நாகம் குடை பிடித்தது என்று பன்சலையில் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். எங்கள் பக்கத்திலும் நாகதம்பிரானுக்குப் பால் வைத்து, நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைத்து வளர்ந்த சனம்தான். ஆனால் இந்த மரியாதை நாகத்தோடு நின்றுவிடும். விரியன் என்றால் இரண்டு வீட்டிலும் உலக்கைதான். கடிக்கு மருந்து தேடும்போது மட்டும் எல்லாப் பாம்பும் நமக்குத் தேவைப்படுகிறது என்பதை அந்த அறைக்குள் போன பிறகுதான் முழுதாக உணர்ந்தேன்.

உணர்வதற்கு ஒரு முன்கதையும் இருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, வவுனியாவுக்கு அப்பால் வயல் செய்தவர். மாரிப் போக அறுவடையின்போது சூடு அடுக்கும் இடத்தில் கண்ணாடி விரியன் கடித்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவருடைய இமைகள் இரண்டும் பாதி இறங்கியிருந்தன. கண்ணைத் திறந்து பார்க்க முடியாமல், தலையைப் பின்னுக்குச் சாய்த்து என்னைப் பார்த்தார். முரசில் இரத்தம் கசிந்தது. தாதி ஒருவர் அவருடைய இரத்தத்தில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, மேசையில் அசையாமல் நிறுத்திவைத்தார். 20 நிமிடம் கழித்து எடுத்துச் சரித்தார். உறைந்திருக்க வேண்டிய இரத்தம் தண்ணீராக ஓடியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் விஷமுறி மருந்தை ஏற்றினார்கள். ஏற்றிச் சிறிது நேரத்தில் மாமாவுக்கு உடம்பு தூக்கிப்போடுகிற நடுக்கம் வந்தது. தோல் தடித்துச் சிவந்தது. அதற்கு ஊசி போட்டு, நிறுத்தி, மறுபடி மெல்ல ஏற்றினார்கள். அவர் பிழைத்தார். மருந்துக் குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இந்தியாவில் செய்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்குக்கும் உரியது என்று எழுதியிருந்தது. கட்டுவிரியன் என்று அவர்கள் சொல்வதைத்தான் எங்கள் ஊரில் எண்ணெய் விரியன் என்பார்கள்.

அந்த நடுக்கம் மாமாவுக்கு மட்டும் வந்த ஒன்றல்ல. பிற்காலத்தில் இலங்கை மருத்துவர்கள் 1007 பாம்புக்கடி நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2011இல் வெளிவந்தது. விஷமுறி ஏற்றப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேருக்கு ஒவ்வாமை வந்ததாக அது சொன்னது. மருந்துக்கு முன்னதாகச் சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால் கடுமையான ஒவ்வாமை கணிசமாகக் குறைகிறது என்பதையும் அதே ஆய்வுதான் நிறுவியது. உயிரைக் காக்கும் மருந்திலிருந்தே உயிரைக் காக்க இன்னொரு மருந்து வேண்டியிருந்தது.

இமை இறங்கியதற்கும் ஒரு காரணம் இருந்தது. கண்ணாடி விரியன் பல நாடுகளில் அறியப்பட்ட சாதி. அதன் கடியில் இரத்தம் உறையாமல் போவதும் சிறுநீரகம் கெடுவதும் எங்கும் உண்டு. ஆனால் நரம்பைத் தாக்கி இமையை இறக்குவது இலங்கையிலும் தென்னிந்தியாவின் சில பகுதிகளிலும்தான் பளிச்சென்று தெரியும். ஒரே பாம்பு, வேறு மண்ணில் வேறு விஷம். இது புதிதாகக் கண்டுபிடித்த செய்தியுமல்ல. பிரான்சைச் சேர்ந்த கல்மெத் 1890களில் நாக விஷத்தை வைத்து முதல் விஷமுறியைச் செய்தார். அது எல்லாப் பாம்புக்கும் உதவும் என்று நம்பினார்கள். பிரேசிலில் வைத்தல் பிரேசில் என்ற மருத்துவர், தன் நாட்டுப் பாம்புகளின் விஷத்துக்கு அது உதவவில்லை என்று காட்டினார். எந்தப் பாம்பு கடிக்கிறதோ அந்தப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்துதான் வேண்டும் என்ற பாடம் அங்கிருந்துதான் வந்தது. சாவோ பாவுலோவில் 1901இல் அவர் தலைமையில் புட்டன்டான் நிறுவனம் எழுந்தது. பாங்கொக்கில் செஞ்சிலுவைச் சங்கத்தின் பாம்புப் பண்ணை 1923இல் திறக்கப்பட்டது. நூறு வருடமாக உலகுக்குத் தெரிந்த பாடம் இது.

எங்கள் பாம்பு அறை சின்னது. கதவுக்குள் இன்னொரு கதவு. வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை, தாண்டித்தான் போக வேண்டும். சன்னலில் நுணுக்கமான வலை. மேசையும் கதிரையும் தவிர, பாம்பு ஒளிந்துகொள்ளக் கூடிய ஒரு சாமானும் உள்ளே இருக்கக் கூடாது. தனியாக ஒருவர் உள்ளே போகக் கூடாது என்பது முதல் விதி. பெட்டியைத் திறப்பதற்கு முன் அதன் அட்டையை வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்பது இரண்டாவது. "நாகம், பெண், போன திங்கள் சாப்பிட்டது" என்று ஒருவர் வாசிக்க, மற்றவர் "சரி" என்ற பிறகுதான் பூட்டில் கை வைக்கலாம். எத்தனை வருடம் வேலை செய்தாலும் அங்கிள் இதை விட்டதில்லை. பழக்கம் கண்ணை மூடிவிடும், வாய் வாசித்தால் கண் திறக்கும் என்பார்.

காட்டில் பிடித்து வந்த பாம்புகளோடுதான் பாடு. உடம்பு நிறைய உண்ணியும் வயிறு நிறையப் புழுவுமாக வரும். வாயில் புண் வரும், சளி பிடிக்கும். பல பாம்புகள் எலியைத் திரும்பியும் பார்க்காது. வாரக்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். பெட்டிக்குள் பிறந்த பாம்புக்கு இந்தத் துன்பம் குறைவு. அது எந்தத் தாய்க்கு எந்தத் திகதியில் பிறந்தது, என்ன தின்றது, எப்போது செட்டை கழற்றியது, எவ்வளவு விஷம் தந்தது என்ற முழுக் கணக்கும் கையில் இருக்கும். அதனால்தான் இனம் பெருக்க வேண்டும் என்று அங்கிள் பிடிவாதமாக நின்றார்.

விரியன்களைச் சோடி சேர்ப்பது மார்கழிக் குளிரில். கொழும்பில் குளிர் என்று சொன்னால் மலைநாட்டார் சிரிப்பார்கள். ஆனாலும் இரவில் கொஞ்சம் இறங்கும் அந்தச் சூட்டை உணர்ந்து ஆண்பாம்பு அலையத் தொடங்கும். பெண் செட்டை கழற்றிய பிறகு ஆணை அதன் பெட்டிக்குள் விடுவோம். நாங்கள் வெளியே போய், கண்ணாடி வழியாகப் பார்த்திருப்போம். சேர்ந்துவிட்டால் மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும். பிறகு ஆறு மாதமளவில் காத்திருப்பு. கண்ணாடி விரியன் முட்டையிடாது. குட்டி போடும் சாதி. வயிறு கனத்ததும் பெண் தீனை விட்டுவிடும், பெட்டியின் சூடான மூலையை விட்டு அசையாது. அந்தக் காலத்தில் விஷம் எடுப்பதில்லை, தொடுவதில்லை, பெட்டியை இடம் மாற்றுவதில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் உரத்துக் கதைக்கவும் அங்கிள் விடமாட்டார்.

முதல் ஈற்று ஒரு காலையில் நடந்தது. அறைக்குள் போனபோதே பிரஷர் குக்கர் ஆவி விடுவது போல அந்தத் தாயின் சீற்றம் கேட்டது. ஒவ்வொரு குட்டியும் மெல்லிய சவ்வுக்குள் சுருண்டு வெளியே விழுந்தது. கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்து, உள்ளிருந்து மூக்கால் முட்டி, சவ்வைக் கிழித்து வாயைத் திறந்தது. ஈரம் காயுமுன்பே முதுகில் அந்த மூன்று வரிசைக் கண்ணாடி வட்டங்கள் தெளிவாகத் தெரிந்தன. கிழித்து வந்த கையோடு தாயைப் போலவே சீறியது. பல்லும் விஷமும் பிறக்கும்போதே முழுசாக இருக்கும் என்பதால் குட்டி என்று சலுகை காட்ட முடியாது. முப்பதுக்கு மேல் வந்தன. சவ்வைக் கிழிக்காமலே இறந்தவையும் இருந்தன. அவற்றையும் எழுதிவைத்தோம்.

ஒவ்வொரு குட்டிக்கும் மூடியில் துளையிட்ட தனிப் பெட்டி. ஒரே பெட்டியில் விட்டால் ஒன்றை மற்றொன்று விழுங்கவும் கூடும். ஈரக் கடதாசி, போத்தல் மூடியில் தண்ணீர். முதற் செட்டை கழன்ற பிறகு, மயிர் முளைக்காத எலிக்குட்டியை நீள இடுக்கியில் பிடித்துக் காட்ட வேண்டும். சில குட்டிகள் உடனே கொத்தின. சில முகத்தைத் திருப்பிக்கொண்டன. எனக்கு மலைப்பாக இருந்தது. அங்கிள் அன்று பின்னேரம் வீட்டுச் சுவரில் ஒரு பல்லியைப் பிடித்து வந்தார். எலிக்குட்டியைக் கழுவித் துடைத்து, அதன் மூக்கிலும் முதுகிலும் பல்லியைத் தேய்த்து வாசனை ஏற்றினார். காட்டில் பிறந்திருந்தால் குட்டி முதலில் பிடித்திருக்கக் கூடியது ஓணானையோ பல்லியையோதான். அந்த வாசனை பட்டதும் முகத்தைத் திருப்பிய குட்டி நாக்கை நீட்டி, நின்று, கொத்தியது. கொத்திய இரையை விட்டுவிட்டு, நாக்கால் தேடிப் போய், தலையிலிருந்து விழுங்கத் தொடங்கியது. நுகேகொடை அனெக்ஸின் பல்லிகள் அந்தக் குட்டிகள் பலவற்றைக் காப்பாற்றின. அடுத்தடுத்த தரங்களில் வாசனையைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒன்றிரண்டு மாதத்தில் வெறும் எலிக்குப் பழக்கிவிட்டார்.

எலியைக் கொல்லும் வேலையில் அவருக்கு நெருடல் இருந்தது. போயா நாளில் அவர் எலிக்கூட்டுப் பக்கம் போவதில்லை, அன்றைக்குத் தீனும் இல்லை. மற்ற நாட்களில் வலி தெரியாமல் செய்ய வேண்டும் என்பதில் மிகக் கண்டிப்பாக இருந்தார். உயிரோடு எலியை உள்ளே விடும் வழக்கத்தை அவர் அனுமதித்ததே இல்லை. எலிக்கு அது வதை, பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறவும் கூடும். ஓர் உயிரை எடுத்துத்தான் இன்னோர் உயிருக்கு மருந்து செய்கிறோம் என்றால், எடுக்கும் விதத்திலாவது மரியாதை இருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

நாக முட்டைகள் வந்த கதை வேறு. மிரிஹான பக்கம் வீடு கட்ட அத்திவாரம் வெட்டியபோது, பழைய செங்கல் குவியலுக்கு அடியில் ஒரு பெண் நாகம் முட்டைகளோடு இருந்தது. வேலையாட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கும்பிட்டபடி நின்றார்கள். நாகம் முட்டையை விட்டு எளிதில் போகாது. படத்தை விரித்து அதே இடத்தில் நின்றது. அங்கிள் அதை உறைக்குள் எடுத்த பிறகு, முட்டைகளைத் தொடுவதற்கு முன் பென்சிலை எடுத்து ஒவ்வொன்றின் மேற்பக்கத்திலும் ஒரு புள்ளி வைத்தார். பாம்பு முட்டை கோழி முட்டை போல ஓடு உள்ளதல்ல. தோல் போன்றது, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். கரு மேற்புறத்தில் ஒட்டி வளரும் என்பதால், புரட்டிவிட்டால் செத்துவிடும். புள்ளி மேலே இருக்கும்படி, ஈரத் தும்புத்தூசியில் பதித்து மூடினோம். கொழும்பின் சூடு முட்டைக்குப் பிடித்த சூடு என்பதால் மின்சார அடைகாப்பான் தேவைப்படவில்லை. ஈரம் கூடினால் பூஞ்சணம், குறைந்தால் முட்டை சுருங்கும். தூசியைக் கையில் பிழிந்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அந்தப் பதத்தை எந்தப் புத்தகத்திலிருந்தும் நான் கற்கவில்லை, அவருடைய கையைப் பார்த்துத்தான் கற்றேன்.

இரண்டு மாதமளவில் முட்டையின் மேல் கத்தியால் கீறியது போல ஒரு கோடு விழுந்தது. குஞ்சின் மூக்கு நுனியில் இருக்கும் சிறு பல் செய்யும் வேலை அது. மூக்கு மட்டும் வெளியே வந்து, மூச்சு வாங்கி, பழையபடி உள்ளே போய்விட்டது. மஞ்சட்கரு முழுதும் உடம்புக்குள் இழுபடும் வரை அது வெளியே வராது. பொறுமையிழந்து முட்டையைப் பிரிப்பவர்கள் குஞ்சைக் கொன்றுவிடுகிறார்கள். மறுநாள் வெளியே வந்த குஞ்சு, என் விரலை விடக் குறைந்த பருமனில், எங்களைக் கண்டதும் நிமிர்ந்து படத்தை விரித்தது. அங்கிள் கைகளைக் கூப்பினார். நானும் கூப்பினேன்.

எண்ணெய் விரியனில் எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இருக்கவில்லை. அது பெரும்பாலும் பிற பாம்புகளைத் தின்னும் பாம்பு. எலிக்குப் பழக்குவது பெரும்பாடு. இரவில் நடமாடும், பகலில் தொட்டால் சுருண்டு தலையை ஒளிக்கும். நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவர்களை நித்திரையில் கடிப்பது இதுதான். கடித்த இடம் வீங்காது, பெரிதாக வலிக்காது. வயிற்றுவலி என்று எழும்புபவர் விடியுமுன் மூச்சுவிட முடியாமல் போவார். நரம்பு முனைகள் அழிந்த பிறகு விஷமுறி ஏற்றி அவற்றை மீட்க முடியாது. நாட்கணக்கில் இயந்திரத்தில் மூச்சு விடவைத்துக் காத்திருக்க வேண்டும். விஷமும் மிகக் கொஞ்சமாகத்தான் தரும். தேவையோ மிகப் பெரிது, வளர்ப்பதோ மிகக் கடினம்.

அறையின் கீழ்த்தட்டில் இன்னொரு வரிசைப் பெட்டிகள் இருந்தன. அவற்றில் காய்ந்த ரப்பர் இலைகள் போட்டிருந்தோம். இலைக்கும் பாம்புக்கும் வித்தியாசம் தெரியாது. சிங்களத்தில் குனகட்டுவா என்று சொல்லும் சிறிய குழிவிரியன் அது, மூக்கு நுனி மேல்நோக்கி எழும்பியிருக்கும். ஒரு முழம்கூட வராத பாம்பு. இலங்கையில் விஷக்கடியில் பெரும்பங்கு இதனுடையதுதான். தோட்டம் துப்புரவு செய்யும் கை, ரப்பர் வெட்டப் போகும் கால், தேங்காய் பொறுக்கும் விரல், எல்லாம் இதற்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கின்றன. பலர் வீக்கத்தோடு தப்புகிறார்கள். சிலருக்குச் சிறுநீரகம் போய்விடுகிறது. இந்தியக் குப்பியில் எழுதியிருக்கும் நான்கு பாம்பில் இது இல்லை. மற்றப் பெட்டிகளின் அட்டையில் கடிபட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. குனகட்டுவா பெட்டிகளில் மூன்று மொழியிலும் சிவப்பு மையில் இரண்டே சொற்கள் இருந்தன: மருந்து இல்லை.

அந்த அட்டையைத் தினமும் வாய்விட்டு வாசித்தோம். நாட்டில் அதிகம் பேரைக் கடிக்கும் பாம்புக்கு நாட்டில் மருந்தில்லை என்பதைத் தினமும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தால், அது வெறும் தகவலாக இருக்காது. இலங்கை முழுவதும் வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கெடுப்பு ஒன்று, 2012-2013 காலத்தில் ஒரே வருடத்தில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடித்ததாகவும், அவர்களில் 30,000 பேரளவில் விஷம் ஏறியதாகவும், 400க்கு மேற்பட்டோர் இறந்ததாகவும் மதிப்பிட்டது. ஆஸ்பத்திரிக் கணக்கில் வராத கடிகளும் அதில் அடங்கின. 2017இல் உலக சுகாதார அமைப்பு பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் புறக்கணிப்புக்கு உள்ளானவர்கள் யார் என்று வவுனியாவின் வயலில் நின்று பார்த்தால் தெரியும்.

சென்னையில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது வடநெம்மேலிக்குப் போனேன். முதலைப் பண்ணைக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரும் இருளர்களும் சேர்ந்து 1978இல் தொடங்கியது. பாம்புத் தோலுக்காகப் பிடித்துப் பிழைத்தவர்களின் வாழ்வு, 1970களில் வந்த தடையோடு நின்றுபோனது. அதே கைத்திறனை விஷம் எடுக்கத் திருப்பினார்கள். வரிசையாக மண்பானைகள், வாயில் துணி கட்டி, உள்ளே பாம்பு. ஓர் இருளர் கண்ணாடி விரியனை எடுத்து, கண்ணாடிக் குவளையின் வாயில் இறுக்கிய சவ்வைக் கடிக்க வைத்தார். மஞ்சள் துளிகள் இறங்கின. அவர் கை அங்கிளின் கையைப் போலவே இருந்தது, ஒரு தேவையற்ற அசைவும் இல்லை.

"அண்ணே, இங்கேயே குட்டி போட வைத்து வளர்க்கிறதில்லையா?" என்று கேட்டேன்.

"காட்டுலேருந்து எடுத்துட்டு வர்றோம், சில வாரம் வெச்சு விஷம் எடுக்கிறோம், வயித்துச் செதில்ல அடையாளம் வெட்டிக் காட்டுலயே விட்டுடுறோம். அது பெருக்குற வேலைய அதுவே பாத்துக்கும்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பிடிக்கும் எண்ணிக்கைக்கு வனத்துறை அனுமதி உண்டு, பாம்பு மறுபடி காட்டுக்குப் போகிறது, ஒரு சமூகம் கௌரவமாகச் சாப்பிடுகிறது. என் மாமாவின் நாளத்தில் ஏறிய மருந்துக்கு விஷம் தந்த கைகள் அநேகமாக அந்தக் கைகள்தான். 2023இல் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள் என்ற செய்தியைப் படித்தபோது, எங்கள் வீட்டில் ஒருவருக்குக் கிடைத்தது போலவே சந்தோஷப்பட்டேன். ஆனால் செங்கல்பட்டுப் பக்கத்து விரியனின் விஷம், வவுனியா விரியனின் விஷத்துக்கு முழுப் பதிலாகாது. இந்தியாவுக்குள்ளேயே ஒரு பிரதேசத்து விஷமும் இன்னொரு பிரதேசத்து விஷமும் வேறுபடுவதை பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தொடர்ந்து காட்டி வருகிறார்கள். கடலைத் தாண்டிய எங்கள் தீவுக்கு இது இன்னும் பொருந்தும்.

இருளர்களுடையதைப் போல விஷம் எடுக்கும் கூட்டுறவு ஒன்று எங்களிடம் இல்லை, அவர்கள் சுற்றும் அளவுக்குப் பரந்த நிலமும் இல்லை. ஆகவே எங்களுக்கு வளர்ப்புத்தான் வழி. அதில் உள்ள ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஒரே இடத்துச் சோடி ஒன்றிலிருந்து பெருக்கிக்கொண்டே போனால், அந்த ஒரு இடத்து விஷத்துக்குத்தான் மருந்து கிடைக்கும். குட்டியின் விஷமும் வளர்ந்த பாம்பின் விஷமும் ஒன்றல்ல. யாழ்ப்பாணத்துச் சுருட்டையும், அநுராதபுரத்து விரியனும், களுத்துறைக் குனகட்டுவாவும், எல்லா வயதிலும், தனித்தனிக் கணக்கோடு இருக்க வேண்டும். புதிய இரத்தம் அவ்வப்போது காட்டிலிருந்து வர வேண்டும். எல்லாவற்றுக்கும் கொப்பி வேண்டும்.

இது நடக்காத கனவல்ல. பேராதனைப் பல்கலைக்கழகம் பராமரித்த பாம்புகளின் விஷத்தை வைத்து, கொஸ்தாரிக்காவின் குளோடோமிரோ பிகாடோ நிறுவனத்தார் இலங்கைக்கென்றே ஒரு விஷமுறியைச் செய்தார்கள். நாகம், கண்ணாடி விரியன், சுருட்டை, குனகட்டுவா ஆகிய நான்கின் விஷமும் அதற்குப் பயன்பட்டது. ஆய்வுகூடச் சோதனை முடிவுகள் 2016இல் வெளிவந்தன. பத்திரிகைச் செய்தியை அங்கிளுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் முதலில் கேட்டது குதிரையைப் பற்றியோ கொஸ்தாரிக்காவைப் பற்றியோ அல்ல. "பாம்பை யார் பார்க்கிறார்கள், மல்லி? அந்த ஆளுக்கு நிரந்தர வேலையா?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. விஷமுறிக்கு ஆலை கட்டப் பணம் கிடைக்கலாம், குதிரை வாங்கலாம், வெளிநாட்டு நிபுணர் வரலாம். பாம்புக் குட்டி முதல் இரையை எடுக்க மறுக்கும்போது என்ன செய்வது என்று தெரிந்த ஆளை வாங்க முடியாது. அவர் இன்னோர் ஆளுக்குப் பக்கத்தில் வருடக்கணக்கில் நின்றுதான் உருவாகிறார். திட்டம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பும் தற்காலிக வேலையாக அதை வைத்திருந்தால், கற்றது அவரோடே போய்விடும். விஷப்பாம்பைக் கழுத்தில் சுற்றிப் படம் எடுக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபத்தை விடக் கவலைதான் வருகிறது. அந்தத் துணிச்சலில் ஒரு துளி மருந்தும் பிறக்காது. அவர்களுக்குள் இருக்கும் பாம்பு ஆசையை ஒழுங்காகப் பயன்படுத்தும் ஓர் இடம் நாட்டில் இருந்தால், அவர்களில் சிலராவது கொழுக்கியையும் கொப்பியையும் கையில் எடுப்பார்கள்.

அங்கிள் தன் கொப்பிகளைச் சிங்களத்தில் எழுதினார். அவர் சொல்லச் சொல்ல அவற்றைத் தமிழிலும் எழுதிவைத்தேன்: தும்புத்தூசியின் பதம், பல்லி வாசனை, சோடி சேர்க்கும் இரவு, பெட்டியைத் திறக்கும் முன் சொல்ல வேண்டிய வார்த்தைகள். வவுனியாவில் அரிவு வெட்டுபவருக்கும் களுத்துறையில் ரப்பர் பால் வெட்டுபவருக்கும் அவரவர் மண்ணின் பாம்பிலிருந்து மருந்து கிடைக்க வேண்டும். அதற்கு அரசு செய்ய வேண்டியவற்றில் மிக மலிவானது, பாம்பு பார்ப்பவருக்கு ஒரு நிரந்தர நியமனமும், அவருக்குப் பக்கத்தில் நின்று கற்க இரண்டு இளைஞர்களும்தான். அந்த நியமனம் வரும் நாளில் கொடுப்பதற்கு இந்தக் கொப்பிகள் இரண்டு மொழியிலும் என்னிடம் இருக்கின்றன.